பொருள் போன வழி – 14: ரயில் ஜன்னலில் தெரிந்த மேடு

திருப்பத்தூரில் ஏறிய பேருந்து வளைவு வளைவாகச் சுற்றிப் புதூர்நாட்டில் இறக்கிவிடும்போது காது அடைத்துக்கொண்டிருக்கும். ஜவ்வாது மலையின் இந்தப் பக்கத்தைப் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடாகச் சொல்வார்கள். சாமைக் கொல்லைகளை ஒட்டி நடந்தால், சில ஊர்களில் மரத்தடியில் ஒரு காட்சி கண்ணில் படும். உள்ளங்கை அளவில் வழவழவென்று இழைத்த கருங்கற்கள் நாலைந்து நட்டு வைத்திருக்கும். ஒரு முனை கூம்பியும் மறுமுனை தட்டையாகக் கூர்தீட்டியும் இருக்கும். மேலே குங்குமம். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது சாமி, பிள்ளையார். தொல்லியல் படித்தவர்களுக்கு அது புதிய கற்காலக் கைக்கோடாரி.

ஜப்பானியப் பழம்பொருள் சேகரிப்பைப் பற்றி இந்தத் தொடரில் எழுதச் சொல்லி வாசகர்கள் சிலர் கேட்டார்கள். அந்தக் கதையை டோக்கியோவில் தொடங்காமல் புதூர்நாட்டு மரத்தடியில் தொடங்குவதற்குக் காரணம் இந்தக் கோடாரிதான். ஜப்பானிலும் மழைக்குப் பின் வயலில் இதே மாதிரிக் கற்கள் வெளியே வரும். அவற்றுக்கு அங்கே ‘ரைஃபு’ என்று பெயர், அதாவது இடிக்கோடாரி. இடி இறங்கிய இடத்தில் விழுந்து கிடக்கும் வானத்துக் கல் என்று நம்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் கியூச்சி செகிடெய் என்றொருவர் இப்படிப்பட்ட கற்களைத் தேடித் தேடிச் சேர்த்து, ‘உன்கோன்ஷி’ என்று பல பகுதிகளில் ஒரு புத்தகமும் எழுதினார். அதன் முதல் பகுதி 1773இல் வந்தது. நாம் குங்குமம் வைத்தோம், அவர் பெயர் எழுதி அடுக்கினார். கல் ஒன்றுதான்.

நம் பக்கத்தில் அடுக்கி வைத்தவர் வெள்ளைக்காரர். நிலவியல் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கல்லாயுதத்தைக் குனிந்து எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் குனிவில் தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் இதே கோடாரிகள் சாமிக் கற்களாக இருந்ததை அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் சேர்த்தது கடைசியில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

அவர் பல்லாவரத்தில் குனிந்து பதினான்கு ஆண்டு கழித்து, ஜப்பானில் ஒருவர் ரயில் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

எட்வர்ட் மோர்ஸ் அமெரிக்க விலங்கியலாளர். அவர் ஜப்பான் போனது கலைக்காக இல்லை. பார்ப்பதற்குச் சிப்பி போலவே இருக்கும் பிராக்கியோபாட் என்ற கடலுயிரி ஜப்பானியக் கரையில் ஏராளம் என்று கேள்விப்பட்டு, 1877 ஜூனில் யோகோஹாமாவில் இறங்கினார். அங்கிருந்து டோக்கியோவுக்கு ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஐந்தே ஆண்டு. ஓமோரி என்ற ஊருக்குப் பக்கத்தில் பாதைக்காக வெட்டிய மேட்டில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி அடுக்குத் தெரிந்தது. சிப்பியோடு காலம் கழித்த கண்ணுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை: பழங்கால மக்கள் தின்று போட்ட குப்பை மேடு. அந்த ஆண்டுதான் தொடங்கிய டோக்கியோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கிக் கொண்டது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டினார். கயிற்றை அழுத்திக் கோலம் போட்ட பானை ஓடுகள் கிடைத்தன. ‘ஜோமோன்’ என்று இன்று உலகம் அந்தக் காலத்தை அழைக்கிறதே, அதன் பொருள் ‘கயிற்றுத் தடம்’. பெயரின் வேர் மோர்ஸ் எழுதிய அறிக்கையில் இருக்கிறது.

உடைந்த ஓட்டில் பிடித்த பித்து முழுப் பானைக்குப் போனது. சிப்பி வடிவில் செய்த ஒரு சின்னப் பீங்கான் தட்டில்தான் தொடங்கியது என்பார்கள். ஆளைப் பார்த்தால் அது வேறெதில் தொடங்கியிருக்கும்! நினகாவா நோரிதானே என்ற பழம்பொருள் அறிஞரிடம் சிஷ்யனாக உட்கார்ந்து, மண்ணின் நிறம், அடிப்பக்க விளிம்பை வழித்த விதம், சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த தடம் இவற்றைக் கொண்டு எந்த ஊர்ச் சூளை என்று சொல்லப் பழகினார். நம்மூர் வேளாரிடம் கேட்டால் அவரும் பானையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார். மோர்ஸ் சேர்த்த ஏறத்தாழ 5,000 உருப்படிகளை 1892இல் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

மோர்ஸ் தனியாக இல்லை. அவர் சொல்லித்தான் எர்னெஸ்ட் ஃபெனலோசா 1878இல் டோக்கியோவுக்குத் தத்துவம் கற்பிக்கப் போனார், போய் ஓவியத்தில் விழுந்தார். மருத்துவம் படித்த பணக்காரர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகெலோ 1882இல் போய்ச் சேர்ந்தார். மூவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். மோர்ஸுக்குப் பானை, ஃபெனலோசாவுக்கு ஓவியம், பிகெலோவுக்கு வாள், அரக்கு வேலை, துணி, மர அச்சுப்படம் எல்லாம். பிகெலோ மட்டும் போஸ்டனுக்குக் கொடுத்தவை 40,000-க்கும் மேல்.

இவ்வளவும் எப்படிக் கிடைத்தன? அதைச் சொல்லாமல் சேகரிப்பாளரின் ரசனையை மட்டும் பாடுகிற புத்தகங்கள் எனக்கு அலுத்துவிட்டன. 1868இல் ஜப்பானில் ஆட்சி மாறியது. ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கிறேன் என்று அரசு இறங்க, பல ஊர்களில் பௌத்தக் கோயில்களைச் சூறையாடினார்கள். படிமங்கள் விறகாயின, மணிகள் உருகின. 1876இல் சாமுராய்கள் வாள் தரிப்பதற்குத் தடை வந்தது. அதே ஆண்டு அவர்களுடைய பரம்பரை மானியமும் நின்றது. தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் இருந்த வாள், தேநீர்க் கோப்பை, பட்டு ஆடை எல்லாம் அரிசிக்காகக் கடைத் தெருவுக்கு வந்தன. அப்போதுதான் போஸ்டன்காரர்கள் பணத்தோடு வந்து இறங்கினார்கள். வீடு உடையும்போது சந்தை நிறைகிறது. இந்தத் தொடரின் பதின்மூன்று பகுதிகளிலும் வேறு வேறு ஊரில் பார்த்தது இதைத்தான்.

உடையாத வீட்டில் என்ன நடந்தது என்பதற்கும் ஒரு காட்சி உண்டு. 1884 என்று பொதுவாகச் சொல்வார்கள். நாரா பக்கத்திலுள்ள ஹோர்யூஜி கோயிலின் எண்கோண மண்டபத்துக்கு ஃபெனலோசாவும், அவருடைய மாணவர் ஒகாகுரா காகுஸோவும் அரசாங்க உத்தரவோடு போனார்கள். உள்ளே ஒரு திருமேனி, நூற்றாண்டுக் கணக்கில் யார் கண்ணிலும் படாதது. திறந்தால் பூகம்பம் வந்து கோயிலே விழும் என்று துறவிகள் கெஞ்சினார்கள். திறந்தபோது சிலை இருக்கவில்லை, நீளத் துணியால் சுற்றிய ஒரு பெரிய மூட்டைதான் இருந்தது. தூசி பறக்கப் பறக்கப் பிரித்தார்கள். உள்ளே கற்பூர மரத்தில் செதுக்கிப் பொன் பூசிய அவலோகிதர், 7ஆம் நூற்றாண்டுப் படிமம். பொன் பளபளப்பு மங்கவில்லை. காரணம் அந்தத் துணிதான். பூகம்பம் வரவில்லை, படிமமும் போஸ்டனுக்குப் போகவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கதவு திறக்கும். துறவிகளின் பயத்தைக் கேலியாக எழுதியவர்கள் உண்டு. பயப்பட ஆள் இருந்ததால்தான் அந்தப் படிமம் தப்பியது என்று நினைக்கிறேன்.

அந்த ஒகாகுரா பிறகு பெரிய ஆளானார். 1902இல் இந்தியாவில் இருந்தார், விவேகானந்தரைச் சந்தித்தார், கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். 1904இல் போஸ்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, பிகெலோவும் ஃபெனலோசாவும் குவித்தவற்றுக்குப் பட்டியல் போட்டார், சீன ஜப்பானியத் துறைக்குத் தலைவரானார். 1913இல் இறந்துபோனார்.

நான்கு ஆண்டு கழித்து அதே கட்டடத்துக்குள் ஒரு தமிழர் மகன் நுழைந்தார்.

ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் பிறந்தது 1877 ஆகஸ்ட் 22. மோர்ஸ் ரயில் ஜன்னலில் எட்டிப் பார்த்த அதே கோடைக்காலம். அப்பா சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். அம்மா எலிசபெத் பீபி, ஆங்கிலேயர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அப்பாவழி உறவுக்காரர்கள். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும் முன்பே அப்பா இறந்துவிட, வளர்ந்தது இங்கிலாந்தில். இவரும் ஃபூட் மாதிரி நிலவியலாளர்தான். இலங்கையின் கனிம ஆய்வுக்கு இயக்குநராக இருந்து, தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். மலைநாட்டில் கல்லைத் தேடி நடந்தவர் கண்ணில், கம்மாளரும் நெசவாளரும் தொழிலை விட்டுப்போவது பட்டது. 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெரும் நூலைக் கொண்டுவந்தார். பிறகு வட இந்தியா முழுக்க அலைந்து ராஜபுத்திர ஓவியங்களைச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை இந்தியாவிலேயே வைக்க ஒரு தேசிய அருங்காட்சியகம் காசியில் அமையட்டும் என்று கொடுக்க முன்வந்தார். ஏற்க ஆள் வரவில்லை. 1917இல் டென்மன் ராஸ் என்ற போஸ்டன்காரர் அதை வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சேகரிப்போடு சேகரித்தவரும் போனார். இந்தியக் கலைக்கென்று அங்கே தனிப் பிரிவு அமைந்தது, சீன ஜப்பானியத் துறையின் நிழலில்.

முப்பது ஆண்டு அங்கே இருந்தார். ஜப்பானுக்கு வெளியே உள்ள மிகப்பெரிய ஜப்பானியச் சேகரிப்புகளில் ஒன்று அவர் தினமும் நடந்த தாழ்வாரத்துக்கு இரு புறமும் இருந்தது. அவர் காலத்தில் அங்கே நடந்த இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1921. வில்லியம், ஜான் ஸ்பால்டிங் என்ற சகோதரர்கள் சுமார் 6,500 ஜப்பானிய மர அச்சுப்படங்களைக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை: அவற்றை ஒருநாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது. கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் அச்சுப்படத்தைக் கையாண்டவருக்குப் புரியும். அந்தப் படங்கள் செய்தித்தாள் மாதிரி மலிவாக விற்றவை. காட்டுச்செர்ரிப் பலகையில் நிறத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்கி, நார்க் காகிதத்தை மேலே விரித்துக் கையால் தேய்த்து எடுப்பது. பழைய படங்களில் நீலம் ஒரு பூவின் சாறு, சிவப்பு குசும்பாப் பூவின் சாயம். இரண்டும் வெளிச்சத்துக்கு ஆகாதவை. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினால் நீல ஆறு சில ஆண்டுகளில் மணல் நிறமாகும், ஊதா வெளிறிப் பழுப்பாகும். 1830 வாக்கில் பெர்லின் நீலம் வந்த பிறகுதான் ஹோகுசாயின் கடலும் ஹிரோஷிகேயின் மழையும் நிறம் நின்றன. ஸ்பால்டிங் படங்களில் அந்தப் பழைய நீலமும் ஊதாவும் இன்றும் அப்படியே இருப்பதற்குக் காரணம், ஹோர்யூஜி துறவிகளின் துணிக்கு இருந்த அதே காரணம்தான். இப்போது அவற்றை ஒளிப்படம் எடுத்து வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். புதூர்நாட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன். சுற்றிலும் சாமை காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, 1932. கிபி என்ற ஜப்பானிய அமைச்சர் சீனத்துக்குப் போன கதையைச் சொல்லும் 12ஆம் நூற்றாண்டு ஓவியச் சுருளைப் போஸ்டன் வாங்கிவிட்டது. ஜப்பானில் கொந்தளிப்பு. மறு ஆண்டே, 1933இல், முக்கியக் கலைப்பொருள்கள் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. நாம் 1947இல் ஒரு சட்டமும் 1972இல் இன்னொரு சட்டமும் போட்டோம். ஒரு சுருள் போனதற்கு அவர்கள் பதறினார்கள். ஒரு சேகரிப்பு முழுதாகக் கப்பலேறியபோது நம்மூரில் யாருக்கும் அது செய்தியாகவே தோன்றவில்லை.

வாழ்நாளெல்லாம் அருங்காட்சியகச் சம்பளம் வாங்கிய குமாரசுவாமி, கடைசிக் காலத்தில் அருங்காட்சியகத்தையே கேள்வி கேட்டார். ‘கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும்?’ என்பது 1943இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பு. கண்ணாடிப் பெட்டிக்காக எந்தக் கைவினைஞரும் எதையும் செய்யவில்லை, கும்பிடவும் உண்ணவும் உடுக்கவும் செய்தார் என்பது அவர் கட்சி. அதை அவர் எழுதிய மேசைக்கு நாலு அடி தள்ளி, கும்பிடவும் உண்ணவும் உடுக்கவும் செய்தவை ஆயிரக்கணக்கில் எண்கள் ஒட்டிக்கொண்டு அடுக்கில் இருந்தன.

சரி, தமிழ்நாட்டில் ஜப்பானியப் பொருளை யார் சேகரித்தார்கள்? சேகரிப்பு என்று நினைக்காமலே சேகரித்தவர்கள் செட்டிநாட்டார். கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பெரிய வீடு ஒன்றுக்குள் போய், சுவரில் இடுப்பளவுக்கு ஓடும் பூப்போட்ட டைல்ஸைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் இருக்கும், அது நம்மூர் வேலை. சுவரில் இருப்பது ஆறு அங்குலச் சதுரம், பூவின் ஓரம் மேடாக எழும்பி, பள்ளத்தில் பச்சையும் மெரூனும் கண்ணாடியாக உறைந்திருக்கும். பார்த்தவுடன் இங்கிலாந்து என்று சொல்லத் தோன்றும். இங்கிலாந்திலிருந்து வந்ததும் உண்டு. ஆனால் பல வீடுகளில், பெயர்ந்து விழுந்த ஒன்றைத் திருப்பினால் முதுகில் ஜப்பான் என்றிருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகோயாவிலும் அவாஜித் தீவிலும் இந்த மஜோலிகா டைல்ஸை இங்கிலாந்துப் பாணியில், அதைவிட மலிவாகச் செய்யத் தொடங்கினார்கள். உலர்ந்த களிமண் தூளை எஃகு அச்சில் அழுத்திச் சதுரமாக்கி, சுட்டு, மேட்டு விளிம்புகளுக்கு நடுவே நிறக் கண்ணாடிப் பூச்சை விட்டு மறுபடி சுடுவது. அவாஜியின் டான்டோ நிறுவனம் இதில் பெரிய பெயர். சிங்கப்பூர், பினாங்கு, தைவான், இந்தியா என்று பெட்டி பெட்டியாகப் போயின. வாங்குபவர் மனம் அறிந்து, ரவி வர்மா அச்சுப்படத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் கிருஷ்ணனையும் அப்படியே டைல்ஸில் இறக்கினார்கள். ஜப்பானியத் தொழிலாளி ஒருவர், தான் பார்த்தறியாத ஒரு தேவியின் சேலைக்கு நிறம் ஊற்றியிருக்கிறார். லட்சுமி அங்கே அன்னியர் இல்லை என்பதும் உண்மை: கிச்சிஜோடென் என்ற பெயரில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நாராவில் இருக்கிறாள், சரஸ்வதியோ பென்சைடென். ஆனால் டைல்ஸ் தொழிற்சாலையில் யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

டைல்ஸ் மட்டும் இல்லை. கல்யாணத்தில் சாமான் பரப்பும் வழக்கம் உள்ள ஊர் அது. பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளை, வெள்ளி, மரச்சாமான் எல்லாம் கூடத்தில் விரித்து ஊரார் பார்க்க வைப்பார்கள். அந்த வரிசையில் பர்மாவின் அரக்குப் பெட்டியும், ஸ்வீடன், ஜப்பான் மங்குச் சாமானும் உண்டு. ஒன்று ஒன்றாக இல்லை, டஜன் கணக்கில். பாதி, இரட்டைக்கதவு அறையில் பூட்டியே கிடந்து ஒருநாளும் சோறு காணாதவை. ஒருவகையில் ஸ்பால்டிங் நிபந்தனையை அவர்களும் கைக்கொண்டார்கள்.

பிறகு 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பிடித்தது ஜப்பானியப் படை. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் போட்ட முதல் அங்கேயே நின்றது. 1948இல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியபோது நம்பிக்கையும் போனது. ஜப்பான் டைல்ஸ் பதித்த வீடுகளை ஜப்பானியப் படையெடுப்பு காலி செய்தது. பங்காளிகள் பிரிந்தார்கள், ஒரே வீட்டுக்குப் பல பங்கு, ஓடு மாற்ற யாரும் இல்லை. தேக்குத் தூணும் நிலைக்கதவும் முதலில் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் முளைத்தன. மங்குத் தட்டும் பீங்கான் ஜாடியும் டைல்ஸும் இன்று அங்கே எடுத்துப் பார்க்கக் கிடைக்கும். 1876க்குப் பிந்திய ஜப்பானியக் கடைத்தெருவை நான் பார்த்ததில்லை, ஆனால் இந்தத் தெருவில் நிற்கும்போது அது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பையின் அடியில் ‘நிப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் அது 1891க்கும் 1921க்கும் இடையில் அமெரிக்கச் சந்தைக்குப் போனது. எந்த நாட்டுச் சரக்கு என்று பொறிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுங்க விதி. 1921இல் ‘ஜப்பான்’ என்றே எழுதச் சொன்னார்கள். ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றிருந்தால் போருக்குப் பின், 1952க்கு முன். ஒன்றுமே எழுதாவிட்டால் மிகப் பழையது என்று கடைக்காரர் சொல்வார். நம்ப வேண்டாம், இந்தியாவுக்கு வந்த சரக்கு அமெரிக்க விதிக்குக் கட்டுப்பட்டதில்லை. டைல்ஸில் சுண்ணாம்பு ஒட்டிய முதுகைப் பாருங்கள். புதிதாகச் செய்தது சுத்தமாக இருக்கும், அல்லது ரொம்பவும் அழுக்காக இருக்கும்.

எனக்கு அந்தத் தெருவில் ஒரு டைல்ஸ் வாங்க ஆசையாக இருந்தது. சின்னப் பூங்கொத்து, ஒரு மூலை உடைந்தது. கையில் எடுத்தபோது, அது எந்தச் சுவரிலிருந்து வந்தது, இப்போது அந்தச் சுவரில் ஆறு அங்குலச் சதுரமாக என்ன தெரியும் என்று ஓடிய நினைப்பில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து, வாங்கியிருக்கலாம் என்று வருத்தப்பட்டேன்.

நம் சரக்கு ஜப்பானுக்குப் போய் என்ன ஆயிற்று என்பது பாக்கி இருக்கிறது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரையில் சாயவேரால் சிவப்பேற்றிய எழுத்துத் துணியையும் கோடு போட்ட பருத்தியையும் நாகசாகிக்குக் கொண்டுபோனார்கள். கோட்டுத் துணிக்கு ஜப்பானில் ‘சான்தோமே’ என்று பெயர், நம் சாந்தோமேதான். பூத்துணிக்கு ‘சராசா’. தேநீர்ச் சடங்கு வல்லுநர்கள் அதை விரல் அகலத் துண்டு கிடைத்தாலும் விடாமல், தேயிலைச் செப்புக்குப் பை தைத்தார்கள். இயி என்ற பிரபு குடும்பம் சேர்த்த 450 துண்டுகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் சோழமண்டலக் கரையில் சாயமேற்றியவையும் உண்டு. அந்த மாதிரித் துணி இந்தக் கரையில் ஒரு முழம்கூட மிஞ்சுவது அரிது. உடுத்திக் கிழித்து, கிழிந்ததைக் கரித்துணியாக்கி, அடுப்பிலிருந்து பானை இறக்கியிருக்கிறோம்.

அந்த 450 துண்டுகளை அடுத்த இதழில் பிரித்துப் பார்ப்போம்.